இரண்டு நோர்வூட், ஒரு கேள்வி

உலகில் நோர்வூட் என்ற பெயரில் ஊர்கள் பல உண்டு. அவற்றுள் இரண்டைப் பற்றி இன்று எழுத விரும்புகிறேன். ஒன்று நம்முடையது. அட்டனிலிருந்து டிக்கோயா வழியாகச் செல்லும் பாதை பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்குமாகப் பிரியும் இடத்தில், கெசல்கமு ஓயாவின் கரையில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் சிறு நகரம். மற்றையது தென் அவுஸ்திரேலியாவில் அடிலெய்ட் மாநகரின் ஒரு புறநகர். ஆங்கிலேயன் போன இடமெல்லாம் தன் ஊர்ப் பெயர்களைச் சுமந்து சென்றதால் நேர்ந்த ஒற்றுமை இது. பெயரைத் தவிர இரண்டுக்கும் பொதுவானது எதுவுமில்லை என்று தோன்றும். ஆயினும் இரண்டிலும் ஒரு மைதானம் இருக்கிறது. அந்த மைதானங்களில் நடப்பவற்றையும் நடக்காதவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் நமக்குப் பயனுண்டு என்பது என் எண்ணம்.

அடிலெய்டின் நோர்வூட்டில் 1878ஆம் ஆண்டு ஓர் உதைபந்தாட்டக் கழகம் தொடங்கப்பட்டது. ஆடுவது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. நீள்வட்ட மைதானத்தில், நீள்வட்டப் பந்தைக் கொண்டு, அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடும் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம். களமிறங்கிய முதலாண்டிலேயே பட்டம் வென்ற அந்தக் கழகம், 1883 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2022ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் வட அடிலெய்ட் அணியை ஒரேயொரு புள்ளியால் வீழ்த்தி மீண்டும் பட்டம் வென்றது. ஆனால் இங்கே நான் பேச வந்தது வெற்றிகளைப் பற்றியல்ல; அவ்வூர் இரசிகர்களின் ஒரு வழக்கத்தைப் பற்றி.

அந்த விளையாட்டின் பருவம் மார்ச் மாத அளவில் தொடங்கிச் செப்டெம்பரில் முடிகிறது. அப்படியானால் நவம்பர் முதல் பெப்ரவரி வரை இரசிகர்களுக்கு வேலை இல்லை என்றுதானே நினைப்போம்? உண்மை அதற்கு நேர்மாறானது. வெயில் நாற்பது பாகையைத் தொடும் அந்த மாதங்களில்தான் அவர்களின் பேச்சு சூடு பிடிக்கிறது. இரண்டு கிலோமீற்றர் ஓட்டத்தில் முந்தியவர் யார்? விடுமுறைக்குப் பின் உடல் பருத்துத் திரும்பியவர் யார்? முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் மற்றவர்களோடு ஓடுகிறாரா, தனியே ஓரமாக நடக்கிறாரா? புதிதாக வந்த பத்தொன்பது வயது இளைஞன் இடக்காலாலும் உதைக்கிறானா? பயிற்றுநர் இவ்வாண்டு ஓட்டத்துக்கு முதன்மை கொடுக்கிறாரா, பந்துக்கா? ஆட்டமே தொடங்காத காலத்தில், புள்ளிப் பட்டியலே இல்லாத நேரத்தில், வேலியோரம் நின்று பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்து மணிக்கணக்கில் இவற்றை விவாதிக்கிறார்கள்.

இதை வேலையற்றவர்களின் வேலை என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி ஒதுக்கமாட்டேன். அந்த விளையாட்டின் பிறப்பே ஆயத்தத்தில்தான் இருக்கிறது. 1858 ஜூலையில் மெல்பேர்ணின் கிரிக்கெட் வீரர் டொம் வில்ஸ் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் சோம்பிக் கிடக்கிறார்கள். உடலைக் கட்டுக்குள் வைத்திருக்க ஓர் உதைபந்தாட்டக் கழகம் அமைத்தால் என்ன என்பதே அக்கடிதத்தின் சாரம். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அந்த விளையாட்டுக்கு விதிகள் எழுதப்பட்டன. ஒரு விளையாட்டுக்கான ஆயத்தமாகக் கருதப்பட்டதே தனி விளையாட்டாக வளர்ந்துவிட்டது. ஆயத்தம் என்பது ஆட்டத்தின் ஒரு பகுதியே என்ற உணர்வு அங்கே அடிமுதலே ஊறியிருப்பதில் வியப்பில்லை.

இரசிகர்கள் இவ்வளவு உரிமையோடு கேள்வி கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்நாட்டுக் கழகங்களில் இரசிகர் வெறும் பார்வையாளர் அல்லர். சந்தா கட்டிய உறுப்பினர். தேசிய மட்டத்தில் ஆடும் பதினெட்டுக் கழகங்களின் உறுப்பினர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. பல கழகங்களில் நிர்வாக சபைக்கு வாக்களிக்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கிறது. பணம் கொடுத்தவன் கணக்குக் கேட்கிறான். அந்தக் கணக்கு வெற்றி தோல்வியில் மட்டும் இல்லை, வீரர்களை எப்படித் தயார் செய்கிறீர்கள் என்பதிலும் இருக்கிறது.

கேள்வி கேட்பது எவ்வளவு அவசியம் என்பதையும் அந்நாட்டு வரலாறே காட்டியிருக்கிறது. மெல்பேர்ணின் எசென்டன் கழகம் 2011இன் இறுதியில் தொடங்கிய பருவ ஆயத்தத்தின்போது வீரர்களுக்கு ஊசி மருந்துகள் ஏற்றும் திட்டம் ஒன்றை மேற்கொண்டது. 2013இல் விடயம் வெடித்தது. அக்கழகத்துக்கு இருபது இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதிச் சுற்றிலிருந்தும் அது நீக்கப்பட்டது. 2016 ஜனவரியில் விளையாட்டுகளுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அக்கழகத்தின் அந்நாளைய வீரர்கள் 34 பேருக்குத் தடை விதித்தது. அடிலெய்ட் குரோஸ் அணியின் கதை இன்னொரு விதம். 2017 இறுதியாட்டத்தில் தோற்ற பின், 2018 தொடக்கத்தில் மன உறுதியை வளர்ப்பதாகச் சொல்லி வீரர்களை ஒரு முகாமுக்கு அழைத்துச் சென்றார்கள். ஆதிக்குடி வீரரான எடி பெட்ஸ், நம்பிக்கையின்பேரில் தாம் சொன்ன அந்தரங்கச் செய்திகளே அங்கே தம்மைத் தாக்கப் பயன்பட்டன என்றும், தம் மக்களின் பண்பாடு இழிவுபடுத்தப்பட்டது என்றும் 2022இல் தம் சுயசரிதையில் எழுதினார். கழகம் மன்னிப்புக் கேட்டது. ஆட்டம் நடக்கும் நாளில் ஆயிரக்கணக்கான கண்கள் வீரனைப் பார்க்கின்றன. ஆயத்த காலத்தில் அவனைப் பார்க்க வேலியோரம் நிற்கும் சிலர்தாம் உண்டு. அவர்களும் இல்லாவிட்டால் எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

இனி நம் நோர்வூட்டுக்கு வருவோம்.

நம் நோர்வூட்டிலும் ஒரு மைதானம் இருக்கிறது. சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயரைத் தாங்கிய மைதானம். நாட்டின் பிற பகுதி மக்கள் அந்த மைதானத்தை எதற்காக அறிவார்கள்? 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அங்கே உரையாற்றினார். மலையெங்குமிருந்து தொழிலாளர் திரண்டார்கள். மேலும் பத்தாயிரம் வீடுகள் கட்டித் தரப்படும் என்ற அறிவிப்பு அங்குதான் வெளியானது. முத்தையா முரளிதரன் என்ற பந்துவீச்சாளரை உலகுக்குத் தந்த மக்கள் நீங்கள் என்று அவர் சொன்னதும் அங்குதான். பின்னர் 2020 மே இறுதியில், ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக் கிரியைகள் அங்கே நடைபெற்றன. அப்போதும் நாட்டின் கவனம் அந்த மைதானத்தின்மீது குவிந்தது. ஒரு பிரதமரின் உரையும் ஒரு தலைவரின் தகனமும் நம் சமூக வரலாற்றில் இடம்பெற வேண்டிய நிகழ்வுகளே. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு விளையாட்டு மைதானம் விளையாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்காகவும் நாட்டுக்குத் தெரிந்திருப்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டாமா?

நம்மவர்களிடம் விளையாட்டு ஆர்வம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, மே தினம், தீபாவளி என்று எந்த நாளைச் சாக்காகக் கொண்டாயினும் தோட்டத்துக்குத் தோட்டம் சுற்றுப்போட்டி நடக்கிறது. உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், மென்பந்து கிரிக்கெட் எல்லாம் உண்டு. கிண்ணமும் உண்டு, கிண்ணத்தைக் கையளிக்க அரசியல்வாதியும் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று. போட்டிக்கு முந்திய மாதங்கள் நம் கணக்கிலேயே இல்லை. துண்டுப்பிரசுரம் வந்த பிறகு அணி சேர்கிறது. கொழும்பில் கடையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பையன்கள் பண்டிகைக்கு முதல்நாள் இரவு பஸ்ஸில் வந்திறங்குகிறார்கள். மறுநாள் காலை ஒரே நாளில் நான்கு ஆட்டம். மாலையில் ஒருவன் கணுக்கால் வீங்கி அமர்ந்திருப்பான். அதன் பிறகுதான் நம் இரசிகர்களின் விவாதம் ஆரம்பமாகும்: நடுவர் பக்கஞ்சார்ந்தார்; தலைவன் தவறான ஆளை இறக்கினான்; மைதானம் சேறு. இவர்கள் எத்தனை நாள் சேர்ந்து ஆடினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

தோட்டத்து மக்களுக்கு ஆயத்தம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கவ்வாத்து வெட்டி, செடியை ஓய்வில் விட்டு, உரமிட்டு, புதுத் தளிரைத் தட்டுக்குக் கொண்டுவந்த பின்பே கொழுந்து கிடைக்கும் என்பதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிந்தவர்கள் அவர்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் மறுவாரம் கூடையோடு இறங்குபவர் எவருமில்லை. செடிக்குக் கொடுக்கும் பொறுமையை நம் பிள்ளைகளின் உடலுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். மலையகப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு, பிறந்தது முதல் மலை ஏறி இறங்குகிறவர்கள்தாமே, இந்தக் காற்றே போதுமே என்பார்கள். மேடைகளில் கைதட்டல் பெறும் இந்த வாதத்தைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். உயரமான இடத்தில் காற்று ஐதாக இருப்பதால் உடல் கூடுதலான செங்குருதிக் கலங்களை உருவாக்கும் என்பது உண்மை. அதனால்தான் மெல்பேர்ணின் கொலிங்வூட் கழகம் 2005 முதல் பல ஆண்டுகள் தன் வீரர்களைப் பருவத்துக்கு முன் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்கு அனுப்பியது. அவர்கள் தங்கிய ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்கழகம் 2010இல் பட்டமும் வென்றது. மலைக்காற்றால்தான் வென்றதா என்பது இன்றும் முடியாத விவாதம். இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டும் 1997ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஓட்ட வீரர்கள் 2,500 மீட்டரில் வாழ்ந்து 1,250 மீட்டரில் பயிற்சி செய்தபோதே சிறந்த பயன் கிடைத்தது. நோர்வூட்டின் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டருக்குச் சற்று மேல். நுவரெலியாவே 1,868 மீட்டர்தான். நம் உயரம் பயிற்சி செய்வதற்கு இதமான குளிர்ச்சியைத் தரும். அதற்கு மேல் மந்திரம் எதையும் செய்யாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எந்த உயரத்திலும் குருதி ஊற உடலில் இரும்புச் சத்து வேண்டும். தசை வளரப் புரதம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தார்கள். தோட்டப் புறத்தில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு ஏறத்தாழ 32. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் காலை உணவு. கூடவே சாயத் தேநீர். உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் தாவர உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி. நாம் பறித்த கொழுந்து உலகத்துக்குப் புத்துணர்ச்சியைத் தருகிறது. நம் வீட்டுக் குவளைக்குள் வரும்போது பிள்ளையின் குருதியிலிருந்து வட்டி வாங்குகிறது. இந்த நிலையில் மலைக்காற்றைப் பற்றிப் பெருமை பேசுவது கண்கட்டு வித்தை. உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடியுங்கள், ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் கூடுதலாகக் கொடுங்கள் என்று சொல்லும் பயிற்றுநர் ஒருவர், உயரத்தைப் பற்றிப் பேசும் பத்துப் பேச்சாளர்களுக்குச் சமம்.

பயிற்றுநர் என்றதும் முரளிதரனையே மறுபடி எண்ணிப் பார்க்கலாம். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்தவர். ஆனால் முரளிதரன் உருவானது கண்டியில், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானத்தில். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுச் சிறுவனைச் சுழல்பந்து வீசிப் பார் என்று திருப்பிவிட்டவர் அங்கிருந்த பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. அந்த ஒரு வார்த்தைக்குப் பின் வந்தவை 800 டெஸ்ட் விக்கெட்டுகள். தோட்டப் பாடசாலைகளில் இதே வயதில், இதே விரல்களோடு எத்தனை சிறுவர்கள் இருந்திருப்பார்கள்? அவர்களைத் திருப்பிவிட ஒருவர் இருந்தாரா? முரளிதரனை நம் பெருமையாக மேடையில் நிறுத்துவோர், அவரை உருவாக்கிய அந்தப் பள்ளி மைதானத்தையும் பயிற்றுநரையும் மேடைக்கு அழைப்பதில்லை. பெருமை நமக்கு; பாடம் மட்டும் வேண்டாம் என்கிறோம்.

என் வாசகர்களில் சிலர் இப்போது ஒரு மறுப்பை எழுப்புவார்கள். நியாயமான மறுப்பு. சம்பளமே போராட்டமாக இருக்கும் மக்களிடம் விளையாட்டுப் பயிற்சி பற்றிப் பேசுகிறாயே என்பார்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளியாக 2021 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் 1,700 ரூபாய் என்ற அறிவிப்பு நீதிமன்றம் வரை சென்று, செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று முடிந்தது. நிறுவை குறைந்தால் அரைப்பேர். லயன் காம்பிராக்களில் இன்னும் ஆயிரமாயிரம் குடும்பங்கள். இதில் உதைபந்துக்கு எங்கே இடம்?

என் பதில் இதுதான். விளையாட்டைச் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் எதிராக நிறுத்துவது தவறான தராசு. பயிற்சிக்கு முதலில் வேண்டியது பணம் அல்ல, நேரம். தோட்ட அமைப்பு நம் மக்களிடமிருந்து முதலில் பறித்ததும் நேரத்தைத்தான். பிரட்டுக்களத்தில் காலையில் தலை எண்ணித் தொடங்கும் நாள், கொழுந்து நிறுத்து முடிகிறபோது வெளிச்சத்தைத் தின்றுவிட்டிருக்கும். பெண்களுக்கு அதன் பிறகும் விறகு, தண்ணீர், சமையல். அவுஸ்திரேலியாவில் பெண்களுக்கான தேசிய உதைபந்தாட்டத் தொடர் 2017இல்தான் தொடங்கியது; அங்கேயே அவ்வளவு காலம் எடுத்தது என்றால், இங்கே ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை மாலையில் ஒரு மணி நேரம் மைதானத்துக்குப் போவதற்கு எத்தனை சுவர்களைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டரவல்லையிலும் ரதல்லையிலும் துரைமார் தமக்கெனக் கழகங்களும் புல் மைதானங்களும் அமைத்துக்கொண்டார்கள். ஓய்வு நேரமும் விளையாட்டும் மனிதனுக்கு அவசியம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த மனிதன் என்ற சொல்லுக்குள் தொழிலாளியைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். நேரத்தைக் கேட்பதும் உரிமைக் கோரிக்கையே.

நம்மால் முடியாது என்பதும் உண்மையன்று. 2021இல் பத்து அணிகளுடன் இலங்கை சுப்பர் லீக் உதைபந்தாட்டத் தொடர் தொடங்கியபோது, நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் அணி கொழும்பின் பெரிய கழகங்களோடு சரிசமமாக இடம்பெற்றிருந்தது. மலையடிவாரத்துச் சிறு நகரம் ஒன்று அங்கே போய் நின்றது. பின்னர் நேர்ந்தது வேறு கதை. 2023 ஜனவரியில் சர்வதேச சம்மேளனம் இலங்கை உதைபந்தாட்ட நிர்வாகத்தையே இடைநிறுத்தியது; ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. நிர்வாகிகள் பதவிக்காக மோதிக்கொண்ட அந்த மாதங்களில் நாடு முழுவதும் வீரர்களின் நாட்கள் வீணாயின. இரசிகர்கள் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றிருந்தால் இது இவ்வளவு தூரம் போயிருக்குமா?

ஆகவே நோர்வூட் இரசிகர்களுக்கு நான் முன்வைப்பது பெரிய திட்டம் அன்று. 2018 முதல் நோர்வூட்டுக்கென்று தனிப் பிரதேச சபை இருக்கிறது. அதன் உறுப்பினர்களையும், தோட்ட நிர்வாகங்களையும், தொழிற்சங்கங்களையும், கழகத் தலைவர்களையும் பார்த்துச் சில எளிய கேள்விகளைக் கேளுங்கள். போட்டி முடிந்த மறுநாள் கேட்டால் அது புலம்பலாகிவிடும். போட்டிக்கு மூன்று மாதம் முன்பாகவே கேளுங்கள்.

மைதானம் வாரத்தில் எத்தனை மாலைகள் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறது? கூட்டம் நடத்தியவர்கள் கிளறிப்போட்ட தரையைச் சீர்செய்வது யார் பொறுப்பு? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும் ஊரில் வடிகாலுக்கு என்ன ஏற்பாடு? சுற்றுப்புறப் பாடசாலைகளில் பயிற்சி பெற்ற விளையாட்டு ஆசிரியர் எத்தனை பேர்? அணியில் ஆடும் தொழிலாளிக்கு வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் முன்னதாக, பேர் குறையாமல், வேலையிலிருந்து விடுதலை கிடைக்குமா? பெண்பிள்ளைகளுக்கு உடைமாற்றும் அறையும் கழிப்பறையும் உண்டா? கிண்ணத்துக்கும் மாலைக்கும் பந்தலுக்கும் செலவாகும் பணத்தில் பாதியைப் பயிற்சிக் கால உணவுக்கு ஒதுக்கினால் என்ன?

இவற்றுள் ஒன்றுக்கும் வெளிநாட்டு உதவி தேவையில்லை. நுவரெலியாவில் உயர்நிலப் பயிற்சி நிலையம் அமைப்பது பற்றிய பேச்சை நம் மாவட்டம் பல ஆட்சிகளின் காலத்தில் கேட்டிருக்கிறது. பெரிய திட்டங்கள் வரும்போது வரட்டும். வேலியோரம் நின்று பார்க்கவும் பார்த்ததைப் பேசவும் எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டியதில்லை.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். அதிகாரத்தில் இருப்பவர்கள் தோல்விக்குப் பின் எழும் கூச்சலுக்கு அஞ்சுவதில்லை. கூச்சல் இரண்டு நாளில் அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் அஞ்சுவது, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்திருக்கும் காலத்தில் வந்து நின்று நிதானமாகக் கேட்கப்படும் கேள்விக்குத்தான். அடிலெய்ட் நோர்வூட்டின் இரசிகர்கள் வெயிலில் நின்று அதைச் செய்கிறார்கள். நம்மவர்கள் மழையில் குடைபிடித்து நின்று செய்யவேண்டி வரலாம். வேறுபாடு அவ்வளவே.